தடுப்பவரைத் தூற்றுவது தகுமா?

(மூன்றாம் ஆண்டு இளங்கலை, வரலாறு)

கோல் போட்டவனைத் தோளில் தூக்குவதும், கோல் விட்டவனைத் தெருவில் இழுப்பதும் நம் நாட்டு ஹாக்கி ரசிகர்களின் பழைய பழக்கம். முதலாவதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மகிழ்ச்சி வந்தால் மனிதன் கூத்தாடத்தான் செய்வான். இரண்டாவதைப் பற்றித்தான் இந்த ஆண்டு மலரில் நாலு வார்த்தை எழுத வேண்டும் என்று தோன்றிற்று. அதற்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் கட்டுரை கட்டுரையாக இராது, ஒப்பாரியாகிவிடும்.

ஹாக்கி அணியில் பதினோரு பேர். முன்வரிசையில் நிற்பவர்களுக்குக் கோல் போடுவது வேலை. நடுவில் நிற்பவர்கள் பந்தை வாங்கிக் கொடுப்பவர்கள். கடைசி வரிசையில் நிற்பவர்களை மைதானத்தில் நாம் ‘பேக்’ என்கிறோம்; பத்திரிகைகள் தடுப்பாட்டக்காரர் என்றும், பின்கள வீரர் என்றும் எழுதுகின்றன. அவர்களுக்கும் பின்னால், பலகைக்கு முன்னால், காலில் பெரிய பெரிய மெத்தைகளைக் கட்டிக்கொண்டு கோல் கீப்பர் நிற்கிறார். இந்தப் பின்வரிசைக்காரர்களை நம் ரசிகர்கள் அளவுக்கு மீறிக் கடுமையாக எடை போடுகிறார்களா என்றால், ஆம் என்பது என் கட்சி. அவர்களிலும் யார் மிகச் சிறந்தவரோ அவருக்குத்தான் அடி அதிகம் விழுகிறது என்றும் சொல்வேன்.

1982 டிசம்பர் 1ஆம் நாளை எடுத்துக்கொள்வோம். புதுதில்லியில் நடந்த ஆசிய விளையாட்டின் ஆடவர் ஹாக்கி இறுதி ஆட்டம். எதிரே பாகிஸ்தான். அப்போது பள்ளி மாணவராக இருந்த எங்கள் உடற்கல்வி இயக்குநர் ஐயா, அந்த ஆட்டத்தின் வருணனையை வானொலியில் கேட்டதாகச் சொல்வார். முதல் கோலை இந்தியாதான் போட்டது. தெருவே ஆர்ப்பரித்ததாம். அதன் பிறகு பாகிஸ்தான் கோல் மேல் கோலாகப் போட்டது. முடிவில் ஏழுக்கு ஒன்று. “அஞ்சாவது கோலுக்கு மேல யாரும் எண்ணலைப்பா. எங்க அப்பா ரேடியோவ நிறுத்திட்டு வெளிய போயிட்டாரு” என்பார்.

அன்று இந்தியாவின் கோல் கீப்பர் மீர் ரஞ்சன் நேகி. மறுநாளிலிருந்து அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமன்று. பணம் வாங்கிக்கொண்டு கோலை விட்டார் என்றார்கள். நாட்டைக் காட்டிக்கொடுத்தவர் என்றார்கள். ஆதாரம் ஒன்றும் யாரும் காட்டவில்லை, கேட்பாரும் இல்லை. ஏழு பந்து உள்ளே போயிற்று, உள்ளே நின்றவர் இவர், ஆகவே குற்றவாளி இவரே. வழக்கு அவ்வளவில் முடிந்தது.

ஒரு பந்து கோல் கீப்பரிடம் வந்து சேருமுன் பத்துப் பேரைத் தாண்டி வந்திருக்கிறது என்பதை எவரும் நினைத்துப் பார்க்கவில்லை. எதிரே ஆடியது யார் என்பதையும் மறந்தார்கள். அதே 1982இன் தொடக்கத்தில் பம்பாயில் நடந்த உலகக் கோப்பையை வென்ற அணி அந்தப் பாகிஸ்தான் அணி. அங்கே இந்தியாவுக்குக் கிடைத்தது ஐந்தாம் இடம். ஹசன் சர்தார் என்ற முன்கள வீரர் அன்றைய உலகில் எந்தத் தடுப்பு வரிசையையும் கிழித்துக்கொண்டு போகக்கூடியவர்; தில்லியிலும் அவர் ஒருவரே மூன்று கோல் போட்டார். 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலும் அந்த அணியே தங்கம் வென்றது. இப்படிப்பட்ட அணியிடம் ஒரு நாள் தாறுமாறாகத் தோற்பது வருத்தத்துக்குரியது. துரோகம் என்று எப்படிச் சொல்வது? முன்வரிசையில் நின்றவர்கள் அன்று ஏன் மேலும் ஒரு கோல்கூடப் போடவில்லை என்று எவராவது கேட்டதுண்டா? பதினோரு பேர் தோற்றார்கள். ஒருவர் தண்டனை பெற்றார்.

இப்போது காலத்தை முப்பத்தொன்பது ஆண்டுகள் முன்னே தள்ளி வாருங்கள். 2021 ஜூலை 25. டோக்கியோ ஒலிம்பிக். கொரோனாவால் ஓராண்டு தள்ளிப்போய் நடந்த ஒலிம்பிக் அது. நான் அப்போது பள்ளி மாணவன். லீக் ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் இந்தியா தோற்றது. எத்தனை கோல் கணக்கில்? ஏழுக்கு ஒன்று! தில்லியில் விழுந்த அதே கணக்கு. கோலில் நின்றவர் கேரளத்துக்காரரான ஸ்ரீஜேஷ். பதினொரு நாள் கழித்து, ஆகஸ்ட் 5 அன்று, ஜெர்மனியை ஐந்துக்கு நான்கு என்று வென்று இந்தியா வெண்கலம் பெற்றது. ஒலிம்பிக் ஹாக்கியில் 1980க்குப் பிறகு நமக்குக் கிடைத்த முதல் பதக்கம். ஆட்டம் முடியச் சில விநாடிகளே இருந்தபோது ஜெர்மனிக்கு ஒரு பெனால்டி கார்னர். ஸ்ரீஜேஷ் அதைத் தடுத்தார். பிறகு கோல் கம்பத்தின் மேலேறி உட்கார்ந்துகொண்டார். நாடே அந்தப் படத்தைப் பார்த்து மகிழ்ந்தது.

நான் ஸ்ரீஜேஷைக் குறைத்துப் பேசவில்லை. அவர் படத்தை விடுதி அறையில் ஒட்டி வைத்திருப்பவன் நான். கேள்வி வேறு. ஏழு கோல் விட்ட ஒருவர் நாட்டைக் காட்டிக்கொடுத்தவர் ஆனார். ஏழு கோல் விட்ட மற்றொருவர் பதினொரு நாளில் வீரத் திருமகன் ஆனார். இருவர் ஆட்டத்திலும் என்ன வேற்றுமை கண்டோம்? ஒருவருக்கு அடுத்த ஆட்டம் இருந்தது; மற்றவருக்கு அது இறுதி ஆட்டம். ஒருவருக்கு எதிரே ஆஸ்திரேலியா. மற்றவருக்கு எதிரே பாகிஸ்தான். தடுப்பவரை நாம் எடைபோடும் தராசில் அவருடைய ஆட்டத்தை வைப்பதில்லை. நம்முடைய ஆத்திரத்தை வைத்து நிறுக்கிறோம்.

நேகி பின்னாளில் என்ன செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஒதுங்கிப்போன மனிதர் திரும்பி வந்தார். 1998இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் இந்திய ஆடவர் அணி தங்கம் வென்றபோதும், 2002இல் மான்செஸ்டர் காமன்வெல்த் விளையாட்டில் மகளிர் அணி தங்கம் வென்றபோதும் கோல் கீப்பர்களைப் பயிற்றுவித்தவர் அவர்தாம். 2007இல் வந்த ‘சக் தே இந்தியா’ என்ற இந்திப் படத்துக்கு அவர் வாழ்க்கை ஒரு தூண்டுதல் என்பர். அந்தப் படத்தில் ஷாருக் கான் கோல் கீப்பராகவா வருகிறார்? இல்லை. கடைசி நிமிடத்தில் பெனால்டி ஸ்டிரோக்கைக் கோலாக்கத் தவறிய கேப்டனாக வருகிறார். பின்னால் நின்றவனின் துயரத்தைச் சொல்ல வந்த சினிமாவும் கதாநாயகனைப் பந்தடிக்கிறவனாக மாற்றிவிட்டது! கோல் கம்பத்துக்கு நடுவே நிற்பவனைக் கதாநாயகனாகப் பார்க்க நமக்கே பழக்கமில்லை. சினிமாக்காரரைச் சொல்லி என்ன பயன்?

சரி, இந்தக் கடுமைக்குக் காரணம் என்ன? முன்வரிசைக்காரனின் வெற்றி கண்ணுக்குத் தெரிகிறது. பலகையில் பந்து மோதும் சத்தம் காதுக்கும் கேட்கிறது. அவன் பத்து முறை தவறவிட்டு ஒரு முறை அடித்தால் அந்த ஒன்றே நினைவில் நிற்கும். பேக் ஆடுகிறவனுக்கு நேர்மாறு. அவன் வெற்றி பெற்றால் ஒன்றும் நடப்பதில்லை. வரவேண்டிய பந்து வராது. விழவேண்டிய கோல் விழாது. விழாத கோலை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

பழைய கணக்கைப் பாருங்கள். 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்தியா 29 கோல் போட்டது. அவற்றில் 14 கோல் தயான் சந்த் போட்டவை என்பதை வினாடி வினாவுக்குப் படிக்கும் பள்ளிப்பிள்ளையும் சொல்லும். அந்த ஒலிம்பிக்கில் இந்தியா வாங்கிய கோல் எத்தனை? ஒன்றுமில்லை, முழுப்போட்டியிலும் சுழியம். கோலில் நின்ற ரிச்சர்ட் ஆலனையோ, பேக் ஆடிய மைக்கேல் ராக், லெஸ்லி ஹாமண்ட் ஆகியோரையோ நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1956இல் மெல்போர்னிலும் அப்படியே. 38 கோல் போட்டோம், ஒன்றுகூட வாங்கவில்லை. அங்கே கோலில் நின்றவர் சங்கர் லட்சுமண். இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக விழுந்த ஒரே கோலையும் போட்டவர் ரந்தீர் சிங் ஜென்டில் என்ற புல்பேக்தான். பெயரெல்லாம் நூல்களில் இருக்கிறது. நினைவில்தான் இல்லை.

பெனால்டி கார்னர் என்பதை மைதானத்தின் ஓரத்தில் நின்று கவனித்தவர்களுக்குத் தெரியும். தடுக்கும் அணியில் கோல் கீப்பரையும் சேர்த்து ஐந்து பேர்தான் கோல் கோட்டில் நிற்கலாம். மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். கம்பத்திலிருந்து பத்து மீட்டர் தள்ளி, கோட்டின் மேலிருந்து ஒருவர் பந்தைத் தள்ளிவிடுவார். ‘டி’ வளைவுக்கு வெளியே ஒருவர் அதை நிறுத்துவார். இன்னொருவர் மட்டையால் பந்தை இழுத்து வீசுவார். டிராக் பிளிக் என்பது அதுதான். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பந்து வரும். அந்தப் பந்தை எதிர்நோக்கி, முகமூடியும் முழங்கால் காப்பும் போட்டுக்கொண்டு, கோல் கோட்டிலிருந்து நேரே ஓடுகிறவர் ஒருவர் உண்டு. முதல் ரஷ்ஷர் என்பர். ஓடிவரும் லாரிக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு ஓடுவதைப் போன்ற வேலை! பந்து அவர் மட்டையில் பட்டால் நல்லது. முழங்காலுக்கு மேலே உடம்பில் பட்டால் அடி வாங்கினாலும் ஆபத்து நீங்கும். முழங்காலுக்குக் கீழே பட்டாலோ, வலியும் அவருக்கே, தண்டனையும் அவருக்கே; இன்னொரு பெனால்டி கார்னர். அரங்கில் இருக்கிறவர்கள், “காலை எதுக்குய்யா நீட்டுற?” என்று கத்துவார்கள்.

இந்திய அணியில் பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்தவர் ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டத்தைச் சேர்ந்த அமித் ரோகிதாஸ். டோக்கியோவில் அந்தக் கடைசி விநாடிப் பெனால்டி கார்னரின்போதும் அவர் களத்தில் இருந்தார். படமோ கம்பத்தின் மேலேறியவருக்குத்தான் கிடைத்தது. (ஸ்ரீஜேஷும் பின்வரிசைக்காரர்தாம் என்பதால் இதில் எனக்குப் புகாரில்லை.) ஆனால் 2024 ஆகஸ்ட் 4ஆம் தேதி ரோகிதாஸ் பெயர் இந்தியா முழுவதும் தெரிந்தது. எதனால்? பாரிஸ் ஒலிம்பிக் கால் இறுதியில், பிரிட்டனுக்கு எதிரான ஆட்டத்தின் 17ஆம் நிமிடத்தில், அவர் மட்டை எதிரணி வீரரின் முகத்தில் பட்டு, சிவப்பு அட்டை காட்டப்பட்டதால்!

அன்று ஞாயிற்றுக்கிழமை. விடுதியில் கோழிக் குழம்பு. சாப்பாட்டுத் தட்டோடு டிவி அறையில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தோம். சிவப்பு அட்டையைக் கண்டதும் எழுந்த சொற்களை இந்த மலரில் அச்சிட முடியாது. மிக நாகரிகமான வாக்கியம், “இவனாலதான்டா போச்சு” என்பது. சொன்னவர்களில் நானும் ஒருவன். பிறகு நடந்தது எல்லாரும் அறிந்ததே. பத்தே பேரோடு நாற்பது நிமிடங்களுக்கு மேல் ஆடி, ஒன்றுக்கு ஒன்று என்று சமன் செய்து, ஷூட் அவுட்டில் நான்குக்கு இரண்டு என்று இந்தியா வென்றது. அந்த நாற்பது நிமிடமும் நான் பார்த்த ஹாக்கியிலேயே மிகச் சிறந்த தடுப்பாட்டம் என்பேன். ஒருவர் குறைந்த வரிசையை மற்றவர்கள் எப்படி இழுத்துக் கட்டி நிரப்பினார்கள் என்பதைப் பார்த்தபோதுதான், வெளியே போனவர் அதுவரை எவ்வளவு இடத்தை ஒருவராக நிரப்பியிருந்தார் என்பது எனக்கு விளங்கியது. அரை இறுதியில் அவருக்கு ஆடத் தடை. ஜெர்மனியிடம் இரண்டுக்கு மூன்று என்று தோற்றோம். அன்று இரவு விடுதியில் அதே வாய்கள், “ரோகிதாஸ் இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம்டா” என்றன. மூன்று நாளுக்குள் ஒருவரே கெடுத்தவரும் ஆனார், காத்திருக்கக்கூடியவரும் ஆனார்.

சிறந்தவருக்குத்தான் அடி அதிகம் என்றேனே, அதற்கு வருகிறேன். இன்றைய ஹாக்கியில் ஆட்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். முன்வரிசைக்காரர்கள் சில நிமிடம் ஓடிவிட்டு வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறார்கள். நம்பகமான பேக்கைப் பயிற்சியாளர் எளிதில் வெளியே எடுப்பதில்லை. எதிரணியின் மிகத் திறமையான ஆள் எந்தப் பக்கம் வருகிறாரோ அந்தப் பக்கம் அவரையே நிறுத்துவார். ஆகவே, கோல் விழும்போதெல்லாம் அவர் அங்கே இருப்பார். படத்தில் எப்போதும் அவர் முதுகு தெரியும். பெரிய ஆஸ்பத்திரியில்தான் சாவும் அதிகம். முடியாத நோயாளிகளை அங்கேதானே கொண்டுபோகிறார்கள்? அதைக் கண்டு பெரிய டாக்டரைக் கொலைகாரர் என்போமா? 1990களின் பிற்பகுதியில் ஆப்சைடு விதியையும் எடுத்துவிட்டார்கள். எதிரணி ஆள் கோல் கீப்பரின் தோளை உரசிக்கொண்டு நிற்கலாம். பேக்கின் வேலை இரட்டிப்பாயிற்று, வசவும் அப்படியே.

ஹர்மன்பிரீத் சிங்கின் கதை இன்னொரு வகை. அவர் பேக், ஆனால் டிராக் பிளிக் போடுவதிலும் வல்லவர். 2023 ஜனவரியில் ஒடிசாவில் நடந்த உலகக் கோப்பையில் அவர் கேப்டன். பெனால்டி கார்னர்கள் கோலாகவில்லை. நியூசிலாந்துடன் மூன்றுக்கு மூன்று என்று சமனாகி, ஷூட் அவுட்டில் தோற்று, கால் இறுதிக்கும் போகாமல் இந்தியா வெளியேறியது. தூற்றல் முழுதும் அவர் மேல். அதே ஆண்டு அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அவர் 13 கோல் போட்டார், தங்கம் வந்தது. 2024இல் பாரிஸில் 10 கோல் போட்டு, எல்லா நாட்டாரிலும் முதலாவதாக நின்றார், வெண்கலம் வந்தது. புகழ் மழை. இரண்டு காலத்திலும் அவரை எடைபோட்டது கோலைக் கொண்டுதான். அவருடைய முதல் தொழில் தடுப்பது. அதை நன்றாகச் செய்தாரா, மோசமாகச் செய்தாரா என்று திட்டியவரும் கேட்கவில்லை, புகழ்ந்தவரும் கேட்கவில்லை.

2023 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதி ஆட்டம் பார்க்கும் பேறு எனக்குக் கிடைத்தது. இடைவேளையில் மலேசியா மூன்று, இந்தியா ஒன்று. எனக்குப் பின்னால் ஒரு பெரியவர். பழைய ஆட்டக்காரர்போலும், பேச்சில் நுணுக்கம் தெரிந்தது. மூன்று கோலுக்கும் பேக்குகளைப் பேர் சொல்லி ஏசினார். கடைசியில் நான்குக்கு மூன்று என்று இந்தியா வென்றது. அந்த நான்கில் இரண்டு கோல், பேக் ஆடும் ஜுக்ராஜ் சிங்கும் ஹர்மன்பிரீத்தும் போட்டவை. பெரியவர் எழுந்து நின்று கைதட்டினார். ஏசியதை அவர் மறந்துவிட்டார். நுணுக்கம் தெரிந்தவர்களே இப்படி என்றால் விடுதிப் பையன்களை என்ன சொல்ல?

இதற்கு மறுப்பு உண்டு என்பதை அறிவேன். “பேக் தவறே செய்யவில்லை என்கிறாயா? கடைசி நிமிடத்தில் கோல் வாங்குவது இந்திய ஹாக்கியின் பிறவி நோய் அல்லவா?” என்று எங்கள் துறை நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் போலந்தை வென்றிருந்தால் அரை இறுதி. ஒன்றுக்குச் சுழியம் என்று முன்னணியில் இருந்து, ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாதபோது கோல் வாங்கி, சமனாகி, வெளியேறினோம். அது தவறுதான், அதைச் சுட்டத்தான் வேண்டும். யார் எந்த இடத்தில் நிற்காமல் போனார், ஏன் பந்தை ஓரத்துக்குத் தள்ளாமல் நடுவில் வைத்திருந்தார் என்று கேட்பது ரசிகனின் உரிமை, பயிற்சியாளரின் கடமை. ஆனால் அன்று பின்வரிசையில் நின்ற திலீப் திர்க்கியை அந்த ஒரு கோலை வைத்துத் துரத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் பின்னர் அணித்தலைவராகி, 400க்கும் மேற்பட்ட பன்னாட்டு ஆட்டங்கள் ஆடினார். 2022இல் ஹாக்கி இந்தியா அமைப்பின் தலைவரும் ஆனார். “நீ அந்தப் பந்தை விட்டது தவறு” என்பது விமர்சனம். “நீ எவ்வளவு வாங்கினாய்?” என்பது வேறு சாதி.

நம் நாட்டில் மட்டுமா இப்படி? கனடாவில் ஹாக்கி என்றால் பனித்தரையில் சறுக்குக் காலணி அணிந்து ஆடுவது. அந்த நாட்டுக்கு அதுவே உயிர்மூச்சு. 1986 ஏப்ரல் 30 அன்று எட்மன்டன் ஆயிலர்ஸ் அணிக்கும் கால்கரி பிளேம்ஸ் அணிக்கும் வரிசையின் ஏழாவதும் முடிவானதுமான ஆட்டம். இரண்டுக்கு இரண்டு என்று இருந்தது. எட்மன்டனின் ஸ்டீவ் ஸ்மித் என்ற இளம் தடுப்பாட்டக்காரர் தம் கோலுக்குப் பின்னாலிருந்து தட்டை முன்னே தள்ளினார். (அங்கே பந்துக்குப் பதில் ரப்பர் தட்டு.) அது அவர்களுடைய கோல் கீப்பரின் காலிலேயே பட்டு உள்ளே போய்விட்டது. அதுவே வெற்றியை முடிவு செய்த கோல். தொடர்ந்து இரண்டு ஆண்டு கோப்பை வென்ற அணி வெளியேறியது. அன்று ஸ்மித்துக்குப் பிறந்த நாள், வயது இருபத்துமூன்று. அழுதுகொண்டே களத்தைவிட்டுப் போனார். மறு ஆண்டு எட்மன்டன் மீண்டும் கோப்பையை வென்றது. கோப்பையை வாங்கிய கேப்டன் வெயின் கிரெட்ஸ்கி, அதை உயர்த்திவிட்டு முதலில் கொடுத்தது ஸ்டீவ் ஸ்மித்தின் கையில். அந்தக் கேப்டன் அன்று கோல் போடுவதில் உலகிலேயே முதல் ஆளாக இருந்தவர் என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். கோல் போடுகிறவர் அப்படிச் செய்தார்.

இனி என் கதை.

சென்ற ஆண்டு கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் நம் கல்லூரி அணி இறுதி ஆட்டம் வரை சென்றது. செம்மண் தரையில் பழகிய நமக்கு அது பெரிய சாதனை. எதிரே பக்கத்து மாவட்டக் கல்லூரி. ஒன்றுக்கு ஒன்று. கடைசி மூன்று நிமிடம். எங்கள் லெப்ட் பேக் பந்தைத் தடுக்கக் குனிந்தான். தரையில் கிடந்த கல்லில் பட்டுப் பந்து துள்ளி அவன் காலில் மோதியது. பெனால்டி கார்னர். அதில் கோல். தோற்றோம்.

திரும்பி வரும் பேருந்தில் அவன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. உடற்கல்வி இயக்குநர் ஐயா மட்டும் ஒரு முறை எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். மறுநாள் காலை விடுதிச் சுவரில் கரித்துண்டால் யாரோ எழுதியிருந்தார்கள்: “எவ்வளவுடா வாங்குன?” தில்லியில் 1982இல் கேட்ட அதே கேள்வி. எழுதிய பையனுக்கு மீர் ரஞ்சன் நேகி என்றொருவர் உண்டு என்பதே தெரிந்திராது.

அந்த ஆட்டத்தின் முதல் பாதியில் காலியான கோலுக்கு முன்னால் இரண்டு பந்து கிடைத்தது ஒருவனுக்கு. ஒன்றை வானத்துக்கு அடித்தான். மற்றதை மட்டையில் படவே இல்லை. அந்த இரண்டில் ஒன்று உள்ளே போயிருந்தால் கடைசி மூன்று நிமிடத்தில் நாங்கள் முன்னணியில் இருந்திருப்போம். அந்த ஒருவன் சென்டர் பார்வர்டு ஆடிய நான். பேருந்தில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை. யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்து தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன். சுவரில் எழுதியதை அழித்தது நான்தான். ஆனால் அவன் பார்த்த பிறகுதான் அழித்தேன்.

அதன் பிறகு அவன் மைதானத்துக்கு வரவில்லை. மட்டையை உடற்கல்வித் துறை அறையில் கொண்டுவந்து வைத்துவிட்டான். வகுப்பில் பேசுவான், சிரிப்பான். ஹாக்கி என்றால் எழுந்து போய்விடுவான். பொங்கல் விடுமுறையில் அவன் ஊருக்குப் போயிருந்தேன். கோவில்பட்டிப் பக்கம், தெருவுக்கு நாலு பையன்கள் மட்டை பிடிக்கிற ஊர். அவன் அம்மா கரும்பு கொடுத்தார்கள். வயல் வரப்பில் நடக்கும்போது ஒருவாறு தைரியப்படுத்திக்கொண்டு, அன்றைக்கு நான் தவறவிட்ட இரண்டு பந்தைப் பற்றிச் சொன்னேன். அவன் நின்று, “தெரியும்டா. ரெண்டாவது பந்து நான்தான் பின்னாலருந்து உனக்கு அடிச்சேன்” என்றான். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த மலரில் வழக்கம்போல் விளையாட்டுத் துறை அறிக்கை வந்திருக்கும். அதில் நம் அணி போட்ட கோல்களும், போட்டவர் பெயர்களும் இருக்கும். என் பெயருக்கு நேரே ஒன்பது என்று இருக்கும். அந்தப் போட்டியில் இறுதி ஆட்டத்துக்கு முன்னால் நான்கு ஆட்டங்கள் ஆடினோம். நான்கிலும் சேர்த்து நாம் வாங்கிய கோல் இரண்டே இரண்டு. அதை அறிக்கையில் சேர்க்கும்படி விளையாட்டுச் செயலாளரிடம் கேட்டேன். “அப்படி ஒரு கட்டம் இல்லையே” என்றார். ஆகவே இங்கே எழுதிவிட்டேன். அணியின் குழுப்படம் இறுதி ஆட்டத்துக்கு முந்திய நாள் எடுத்தது. பின்வரிசையில், இடமிருந்து நான்காவதாக நிற்பவன் அவன்.